முழு இறாத்தல் முதலாளி

கொழும்பு மாநகரத்தில் எத்தனையோ வகை முதலாளிமார் உண்டு. சவர்க்காரம் கேட்டவரிடம் இல்லையென்று சொல்ல மனமில்லாமல் மெழுகுதிரியைக் கட்டிக் கொடுக்கும் முதலாளி, மத்தியானமானால் தராசுத் தட்டிலேயே தலையை வைத்து நித்திரை கொள்ளும் முதலாளி, கால் இறாத்தல் மல்லி வாங்க வந்தவரின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டு மல்லியை மறந்துபோகும் முதலாளி. இவர்களையெல்லாம் நாம் சகித்துக்கொள்ளலாம். இன்று நான் உங்களுக்குக் காட்டப்போகும் பிராணி வேறு. அவர்தான் நேர்மையான முதலாளி.

பயப்படாதீர்கள், நேர்மையில் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. நேர்மையாக விற்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிற மனிதர்களும் இந்தப் பட்டணத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வதில்லை. ஆகையால் நமக்கு அவர்களைத் தெரியாது. நமக்குத் தெரிந்தவர் சொல்லுகிறவர்தான்.

அவர் கடைக்குப் போய் அரை இறாத்தல் சீனி கேட்டுப் பாருங்கள். உடனே தந்துவிடுவாரா? முதலில் தராசைத் தூக்கி உங்கள் மூக்குக்கு நேரே பிடிப்பார். தட்டைப் புரட்டி அடியில் புளி கிளி ஒட்டியிருக்கிறதா என்று உங்கள் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொல்வார். படிக்கல்லைத் தட்டிக் காட்டி, உள்ளே குடைந்திருந்தால் வேறு சத்தம் வரும் என்று விளக்கி, வேறு சத்தம் எப்படியிருக்கும் என்பதையும் வாயால் செய்து காட்டுவார். சீனி கொட்டும் கடதாசிக்குச் சமமான கடதாசித் துண்டொன்றை வெட்டி மறுதட்டில் வைப்பார். வைத்துவிட்டு இரண்டு துண்டும் ஒரே அளவா என்று உங்களையே கேட்பார். எல்லாம் சரியாகி முள் நடுவுக்கு வந்து நிற்கும் வேளையில் ஓர் ஈ வந்து தட்டில் குந்தும். அது எழும்பிப் போகும்வரை வியாபாரம் நிற்கும். ஈயை விரட்டலாமே என்கிறீர்களா? விரட்டினால் காற்றில் முள் ஆடும்.

“என்ட கடையில அந்த வேல இல்ல” என்பார், எந்த வேலை என்று நீங்கள் கேளாமலே.

கொட்டாஞ்சேனையில் சீனிக்கும் உப்புக்கும் தேயிலைக்கும் கடை வைத்திருந்த பௌஸி நானா இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. புறக்கோட்டையில் அவருடைய மச்சான், அதாவது மனைவி லுத்பியாவின் மூத்த சகோதரர் மஜீட், பெரிய கடை வைத்திருந்தார். தனிக்கடை போடுவதற்கு முன் பௌஸி நானா அங்கேதான் தராசுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் குந்தி நிறுத்துக் கொடுத்து வந்தார். ஆள் நிறுப்பதில் கெட்டிக்காரர்தான். ஆனால் நிறுத்து முடிந்ததும், “உம்மா, இந்தத் தட்டுக்கு அடியில புளி ஒட்டி ஈக்கி, அதையும் கழிச்சிப் பாத்துக்கோங்க” என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவரை எந்த முதலாளி எத்தனை நாளைக்கு வைத்திருப்பான்? மச்சான் என்றபடியால் மஜீட் கோபப்படவில்லை, சிரித்தார்.

“பெய்த்து வாங்க மச்சான். தனிக் கட போட்டுப் பாருங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி திரும்பி வருவீங்க. இந்த முக்காலிய நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்.”

அந்தச் சிரிப்புத்தான் பௌஸி நானாவுக்குச் சுட்டது. கடை நிலைத்தால் அவர் மனிதன். மூடினால் மறுபடி அந்த முக்காலி. லுத்பியாவின் நகையை அடகு வைத்துக் கடையைத் திறந்தார். வாசலில் ஒரு பலகை மாட்டினார்: ‘கொட்டாஞ்சேனையில் முழு இறாத்தல் கிடைக்கும் ஒரே கடை.’ அதாவது மற்றவர்களெல்லாம் கள்ளர் என்பதைப் பச்சை மையால், பூப்போட்ட கரையோடு எழுதித் தொங்கவிட்டார்.

மற்றவர்கள் கள்ளரா? அப்படிச் சொல்லக்கூடாது. இறாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருக்கிறான், மெய்தான். அது இலண்டனில். கொட்டாஞ்சேனையில் இறாத்தலுக்குப் பதினாலு அவுன்ஸ் என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். இதில் ஒளிவுமறைவு இல்லை. எல்லாக் கடையிலும் அதே பதினாலுதான், ஒருவரும் பதின்மூன்றுக்கு இறங்கியதில்லை. நிறை பார்க்கிற இன்ஸ்பெக்டர் மாதம் ஒருமுறை வருவார். கடைக்குள் நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பார். அவர் கூரையைப் பார்த்து முடிவதற்குள் ஒரு பிஸ்கட் டின் அவருடைய ரிக்‌ஷாவில் ஏறியிருக்கும். அதற்குச் சந்தோசம் என்று பெயர். தமிழில் கேட்டாலும் சிங்களத்தில் கேட்டாலும், ஏன், இங்கிலீசில் கேட்டாலும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லுவார்.

போதாதற்கு அந்த முதலாளிமாரிடம் ஓர் அழகான பழக்கம் இருந்தது. பதினாலு அவுன்ஸை நிறுத்து முடித்ததும் மூட்டைக்குள் கையைவிட்டு, மூன்று விரலால் ஒரு கிள்ளு சீனி எடுத்து, “இது சும்மா, உங்களுக்காக” என்று பொட்டலத்தில் போடுவார்கள். வாங்கியவர் முகம் மலர்ந்துவிடும். இரண்டு அவுன்ஸை இழந்து ஒரு கிள்ளைப் பெற்ற சந்தோசத்தோடு வீட்டுக்குப் போவார். நானும் போயிருக்கிறேன்.

பௌஸி நானா கிள்ளு போடமாட்டார்.

“சரியா நிறுத்தாச்சு. இதுக்கு மேல ஒரு கிள்ளு போட்டா அது நிறை இல்லயே” என்பார். நியாயம்தான். ஆனால் மூன்றாம் நாளே தெருவெல்லாம் கதை பரவியது: அந்தப் புதுக்கடை நானா சரியான கஞ்சன், ஒரு கிள்ளுப் போடவும் கை வராது!

இதுகூடப் பரவாயில்லை. உண்மையான அனர்த்தம் அடுப்படிகளில் நடந்தது. கொட்டாஞ்சேனைப் பெண்கள் இறாத்தல் என்று சொல்வது பொட்டலத்தை. இத்தனை முட்டைக்கு ஒரு பொட்டலம் சீனி என்று தாய் மகளுக்குச் சொல்லி, மகள் மருமகளுக்குச் சொல்லி, கைப்பக்குவமெல்லாம் பதினாலு அவுன்ஸில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் யார் நிறுத்துப் பார்த்தார்கள்? பொட்டலத்தை அவிழ்த்துக் கவிழ்ப்பதோடு சரி.

நத்தார்ப் பண்டிகைக்கு, யேசு பிறந்த நாளுக்கு, ஐறீன் டீச்சர் லவ் கேக் போட்டார். அவருடைய லவ் கேக்குக்கு மட்டக்குளியிலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்த வருடம் சீனியைப் பௌஸி நானாவிடம் வாங்கிவிட்டார். கேக் எழும்பவில்லை, கொஞ்ச நேரம் கொதித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வந்த விருந்தாளிகள் கத்தியை வைத்துவிட்டுக் கரண்டி கேட்டார்கள்.

தேத்தண்ணிக் கடை நாகமணிக்கு வேறு சங்கடம். வழக்கம்போலக் கேத்திலுக்கு ஒரு பொட்டலம் தேயிலையைக் கவிழ்த்தார். அன்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன துறைமுகத் தொழிலாளர்கள் வீட்டில் கண்ணைத் திறந்தபடி கிடந்து, அடுத்த வீட்டுக்காரனின் குறட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்களாம். எல்லாவற்றையும்விட மோசம் இப்றாஹிமுடைய பேக்கரி. மா மூட்டைக்கு இரண்டு பொட்டலம் உப்பு என்பது அவர் கணக்கு. மறுநாள் காலையில் கொட்டாஞ்சேனை முழுவதும் பாணைக் கடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடியது. நானும் ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு பாதிரியார் நின்றார்.

மூன்று பேரும் சேர்ந்து முறைப்பாட்டுக்கு வந்தார்கள். நான் அப்போது ஈ எழும்புவதற்காகக் கடையில் காத்து நின்றேன்.

“நானா, உங்கட சீனியில என்னவோ கலந்திருக்கு” என்றார் ஐறீன் டீச்சர்.

“அல்லாஹ்! என்ட கடையில அந்த வேல இல்ல டீச்சர்!”

“அப்ப ஏன் காணும் என்ர தேத்தண்ணி கசாயமாப் போச்சு?” என்று நாகமணி பாய்ந்தார். “பதினைஞ்சு வருசமாக் கடை நடத்திறன். இப்பிடி ஒரு தேயிலை நான் கண்டதில்லை.”

பௌஸி நானா பொறுமையாகத் தராசைத் தூக்கினார், தட்டைப் புரட்டினார், கடதாசி வெட்டினார், மற்றக் கடைப் பொட்டலமொன்றை வாங்கிவந்து பக்கத்தில் நிறுத்துக் காட்டினார். இவ்வளவு காலமும் அவர்கள் இரண்டு அவுன்ஸ் குறைவாக வாங்கியிருக்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. மூவரும் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். இப்போது அவர்களுக்கு உண்மை விளங்கி, அந்த முதலாளிமாரைத் தேடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருக்கவேண்டும் அல்லவா?

“விளங்கிச்சு” என்றார் இப்றாஹிம். “அப்ப பிழை உங்கட இறாத்தல்லதான்.”

“பதினாறு அவுன்ஸ்தானே சரி!”

“சரியா பிழையா எண்டு எனக்கென்னத்துக்கு? என்ட பாணுக்குப் பதினாலுதான் சரி.”

அதன்பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றது. ஈக்கள் மட்டும் வந்தன. அவற்றுக்கு அவசரமே இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மஜீட் முக்காலிக்குப் புதிதாக மெழுகு பூசியிருப்பதாகப் புறக்கோட்டையிலிருந்து செய்தி வந்தது. அதைக் கேட்ட அன்று பௌஸி நானா சாப்பிடவில்லை என்று லுத்பியா பக்கத்து வீட்டில் சொல்லி அழுதாராம்.

கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. அங்கிருந்து லுத்பியாவின் குரல் கேட்கும். நல்ல தெளிவான குரல்.

“ஊரு பதினாலு கேட்டாப் பதினாலக் குடுங்களேன். ஒங்களுக்கு என்ன கொறஞ்சி போற?”

“பதினாலக் குடுத்துட்டு இறாத்தல் எண்டு என்ட வாயால சொல்ல ஏலா.”

“அப்ப வேற என்னத்தயாவது சொல்லுங்க.”

இந்த நேர்மையான இனத்தாரிடம் அப்படிச் சொல்லக்கூடாது. சொன்னால் செய்துவிடுவார்கள். பௌஸி நானா இரும்புப் பட்டறைக்குப் போய்ப் பதினாலு அவுன்ஸில் ஒரு புதிய படிக்கல் வார்ப்பித்தார். பழைய பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டினார்: ‘இங்கே கொட்டாஞ்சேனை இறாத்தல் கிடைக்கும். பதினாலு அவுன்ஸ் மாத்திரம். விலையும் அதற்கேற்பக் குறைவு.’

சனங்கள் நின்று வாசித்தார்கள். விலை குறைவு என்றால் சாமானில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருந்தாலும் ஓரிருவர் தயங்கித் தயங்கி உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அரசாங்க முத்திரையில்லாத படிக்கல்லால் ஒரு நேர்மையான முதலாளி எப்படி நிறுப்பார்? கல்லைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு தானாகவே இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்குப் போனார். அந்தக் கந்தோருக்கு ஒரு வியாபாரி தானாக நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. பியூன் அவரைக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் வந்தவர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

“இது என்ன?”

“பதினாலு அவுன்ஸ் கல்லு, சேர். முத்திர குத்தித் தாங்க.”

“அப்படி ஒரு நிறை இல்லையே.”

“கொட்டாஞ்சேனையில ஈக்கி, சேர். எல்லாக் கடையிலயும் ஈக்கி. ஒங்களுக்குத் தெரியாதா?”

இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார். பிறகு அன்பாகத்தான் சொன்னார்: “முதலாளி, இதக் கொண்டு போங்க. அந்தப் பலகையக் கழட்டிப் போடுங்க. மாசம் முடிய நான் வாறன். மத்தவங்களப் போல ஒரு சின்னச் சந்தோசம். அவ்வளவுதான். நீங்க பத்து அவுன்ஸில நிறுத்தாலும் எனக்குக் கண் தெரியாது.”

நல்ல மனிதர். இதைவிட ஒருவர் என்ன உதவி செய்யமுடியும்? ஆனால் பௌஸி நானா அந்தக் கந்தோரின் நடுவில் நின்று நேர்மையைப்பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். பிஸ்கட் டின்களின் சரித்திரம் முழுவதும் அதில் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரைக்கும் அது கேட்டது. இனி இன்ஸ்பெக்டரால் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; அடுத்த கிழமையே வழக்கு வந்தது, பௌஸி நானாவின்மேல்தான். குற்றம்: குறை நிறையில் விற்றது.

கோட்டில் அன்று நிற்க இடமில்லை. கொட்டாஞ்சேனை முதலாளிமார் எல்லோரும் சலவை வேட்டியும் சாரமுமாக முன்வரிசையில் வந்து குந்தியிருந்தார்கள். குறை நிறை என்ற சொல் வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக முகத்தைச் சுளித்தார்கள். சாட்சிக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. பலகையைக் கொண்டுவந்து சுவரில் சாத்தி வைத்தார்கள்.

நீதவான் வெள்ளைக்காரர். “இந்தக் கல்லில் எத்தனை அவுன்ஸ் இருக்கிறது?” என்று கேட்டார்.

பௌஸி நானா பதில் சொல்லத் தொடங்கினார். லவ் கேக், கசாயத் தேத்தண்ணி, உப்புப் பாண், தட்டுக்கு அடியில் புளி, மச்சானின் முக்காலி ஒன்றும் விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் முதலில் குறித்துக்கொண்டார், பிறகு பென்சிலைக் கீழே வைத்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் நீதவான் பக்கம் திரும்பி, “பதினாலு என்கிறார், பிரபு” என்றார்.

தண்டம் விதித்தார்கள். கல்லையும் பலகையையும் பறிமுதல் செய்தார்கள். கொட்டாஞ்சேனையில் குறை நிறைக்காகக் கோடேறித் தண்டம் கட்டிய ஒரே வியாபாரி, அந்த ஊரில் நேர்மையாக நிறுத்த ஒரே மனிதர். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் தலை குனிந்தே நடந்தார். எனக்கு மெய்யாகவே பாவமாக இருந்தது. இனிக் கடையைப் பூட்டுவதுதான் மிச்சம் என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரே கூட்டம். பூட்டைத் திறக்கவே வழி விடவில்லை.

“நானா, எனக்கு ரெண்டு இறாத்தல் சீனி” என்றார் முதலாவதாக நின்ற ஐறீன் டீச்சர். “இனிப் பயமில்லாம வாங்கலாம். கோட்டிலயே தண்டம் போட்டிருக்கிறாங்க எண்டா நிறை சரியாத்தான் இருக்கும்.”

“ஓம் ஓம்” என்றார் நாகமணி. “இவ்வளவு நாளும் உங்களை வேற மாதிரி ஆள் எண்டெல்லோ நினைச்சம். நீங்களும் எங்கட ஆள்தான்!”

பௌஸி நானாவின் முகம் சிவந்தது. பதினாலு அவுன்ஸ் கல் கோட்டில் இருக்கிறது. கையில் இருப்பது பழைய பதினாறு அவுன்ஸ் கல். “இஞ்ச பாருங்க, நான் கள்ளன் இல்ல, இது முழு...” என்று அவர் தொடங்குவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு வந்தது. அதில் ஒரு வாய் வெற்றிலை, நன்றாகப் பெருத்த வாய். கை அதை அவருடைய வாய்க்குள் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டது.

அதன்பிறகு எல்லாம் லுத்பியாவின் ஏற்பாடு. பௌஸி நானா முன்னால் பதினாறு அவுன்ஸ் நிறுப்பார். கட்டுவதற்காக அது திரைக்குப் பின்னால் போகும். அங்கே லுத்பியா கண்ணாலேயே அளவு பார்த்துப் பதினாலைப் பொட்டலமாகவும் மிச்ச இரண்டைத் தனிச் சுருளாகவும் கட்டி வெளியே அனுப்புவார். பொட்டலம் கேக்குக்கு, சுருள் தேத்தண்ணிக்கு. கேக் எழும்பும், பாண் கரிக்காது, வாங்கியவர் கொடுத்ததற்குச் சரியான முழு இறாத்தல் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஒருவருக்கும் ஒரு அவுன்ஸும் நட்டமில்லை. இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பௌஸி நானா வாயைத் திறக்கக்கூடாது.

“இந்தச் சுருள் என்ன நானா?” என்று கேட்டார் ஐறீன் டீச்சர்.

அவர் வெற்றிலையோடு போராடியபடி கையை ஆட்டினார். அது உங்களுடையதுதான், நீங்கள் வாங்கியதுதான் என்று அதற்குப் பொருள்.

“சும்மாவா! இவ்வளவு பெரிசா!” டீச்சரின் கண் கலங்கிவிட்டது. “மற்றவன் கிள்ளுத்தான் போடுவான். கள்ளனெண்டாலும் நல்ல மனசு நானா உங்களுக்கு.”

அந்தச் சமயம் பார்த்து வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. மஜீட் இறங்கினார், கையில் முக்காலியோடு. கோட்டுச் செய்தி கேட்டு மச்சானைக் கையோடு கூட்டிப்போக வந்தவர் கூட்டத்தைக் கண்டு திகைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஐறீன் டீச்சர் சொன்னதையும் கேட்டார். பிறகு பாய்ந்து வந்து பௌஸி நானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“கடைசியில தொழில் படிச்சிட்டீங்க மச்சான்! எனக்கு அப்பவே தெரியும்!”

பௌஸி நானா அவரை விலக்கினார். ஒரே மடக்கில் வெற்றிலை முழுவதையும் விழுங்கினார், சாறோடும் பாக்கோடும். வாய் காலியாயிற்று. அவர் மூச்சை இழுத்து, விரலை உயர்த்தி, “மச்சான், நான் ஒரு நாளும்...” என்றார். திரை அசைந்தது. அந்தக் கை மறுபடி வெளியே வந்தது, அடுத்த வெற்றிலையோடு. இந்தத் தடவை அது திணிக்கவில்லை; நீட்டியபடி நின்றது.

அவர் வெற்றிலையைப் பார்த்தார். வாசல்வரை நிற்கிற சனத்தைப் பார்த்தார். மச்சானின் கையில் பளபளத்த முக்காலியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வாயைத் திறந்து அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன்.

கடை இன்றும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அந்த முக்காலியும் அங்கேதான் இருக்கிறது. சொந்தக் கடையில் குந்தினால் இடுப்பு வலிக்காதாம். பல் மட்டும் சிவப்பேறிப் போயிற்று. அவருக்கு முன்னால் தராசு முள் நடுவில் நிற்கும்போது பாருங்கள், கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் முட்டி நிற்கும். பார்க்கிறவர்கள் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படியும் ஒரு மனிதனா, செய்ததைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்கிறீர்கள். நல்லது. கிராண்ட்பாஸ் ட்ராமில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு, நீங்கள் பாதி வழி ஓடிப்போய்க் கொடுத்தீர்களே, அது மெத்தச் சரியான காரியம். வெள்ளிப் பிடி போட்ட குடை. வேறு யாராவது என்றால் கொடுத்திருக்கமாட்டார்கள். அந்தக் குடைக்காரர் இதற்குள் அதை மறந்தேபோயிருப்பார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? நீங்கள்தான் சொன்னீர்கள். மூன்று தடவை சொன்னீர்கள். போன கிழமை ஒரு மையத்து வீட்டிலும், அழுகைக்கு நடுவே, சொன்னீர்கள்.

இதோ, மறுபடியும் வாயைத் திறக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தாருங்கள், வெற்றிலை.